பையனைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு

என் பையனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பிறவியிலேயே செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் சொன்னபடி கேட்காது, கூடவே ஃபிட்ஸ் என்கிற வலிப்பு. சாய்வு நாற்காலியில் பெல்ட் போட்டால் உட்காருவான், பேச்சு கிடையாது, ஆனால் பிடித்தது பிடிக்காதது எல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும், டிவியில் பிடித்த விளம்பரம் வந்தால் வீடே அதிரச் சிரிப்பான். நாங்கள் இருப்பது நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. கொஞ்சம் தேயிலை இருக்கிறது, வீட்டுக்காரர் பிக்கப் வண்டியும் ஓட்டுகிறார். இந்த மாதிரிப் பிள்ளையை வைத்திருப்பவர்களும், படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரையோ அப்பாவையோ பார்த்துக்கொள்பவர்களும், நாலு நாளைக்கு ஒரு மாற்று ஆள் கிடைத்தால் போதும் என்று ஏங்குவது எனக்குத் தெரியும். மலையில் அந்த ஆளை எப்படித் தேடினேன், எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன்.

பையனுக்குப் பதினெட்டு ஆகும் வரை ஓரளவு ஓடியது. சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார், பிசியோதெரபிஸ்ட் வருவார், வட்டார வள மையத்தில் இருக்கும் பகல்நேர மையத்துக்கும் தூக்கிக்கொண்டு போவோம். அவர்கள் வரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் துணி துவைப்பேன், கொல்லைக்குப் போய் விறகு எடுத்து வருவேன். பதினெட்டு முடிந்ததும் அது நின்றுவிட்டது. அதற்கப்புறம் காலையிலிருந்து ராத்திரி வரை நான் ஒருத்திதான். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை, ஆனால் பிள்ளை கனமாகி நமக்கு முதுகு வலிக்க ஆரம்பிக்கும் வயதில்தான் உதவியெல்லாம் நிற்கிறது.

அப்போதுதான் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை, ரத்தம் குறைந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எடுத்த பிறகு ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். குடம்கூடத் தூக்கக் கூடாது என்றால், நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும் பையனை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் யார் தூக்குவது? ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். தள்ளிப் போடலாம், ஆனால் ரத்தம் ஏற்றித்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

ரெஸ்பைட் கேர் என்று இதற்குப் பெயர் இருப்பதே அப்புறம்தான் தெரிந்தது. பராமரிக்கிறவருக்குக் கொஞ்ச நேரம் விடுப்பு கொடுப்பது, அவ்வளவுதான். சில மணி நேரம் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், பகலில் மட்டும் ஒரு மையத்தில் விடலாம், சில நாள் ஒரு இல்லத்தில் தங்க வைக்கலாம். நேஷனல் ட்ரஸ்ட் என்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று 1999-ம் வருடச் சட்டத்தில் வந்தது. ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அதுதான் பொறுப்பு. அதன் சமர்த் திட்டத்தில் குறுகிய காலத் தங்கலும் உண்டு, விகாஸ் என்பது பகல்நேர மையம். ஆனால் இதையெல்லாம் நடத்துவது ஆங்காங்கே உள்ள பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள்தான், அதனால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

கோவையிலிருந்து ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டோம். ஒரு மாதத்துக்குக் குறைந்து அனுப்ப மாட்டோம், தங்க ரூம் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்றார்கள், சரி என்றோம். வந்த பெண் நல்ல பெண்தான், ஆனால் மார்கழிப் பனியில் இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்கினாள், விடிகாலை தண்ணீரைத் தொடவே அழுகை. ஒரு வாரம் தாங்கவில்லை. மேலே வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இதை முதலிலேயே பேசிவிடுங்கள், குளிர்காலத்தில் கீழே இருந்து வரும் ஆளை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். இன்னொன்று, கீழே இருந்து சொந்தபந்தம் யாராவது காரில் உதவிக்கு வருவதென்றாலும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் பொண்ணு இருந்தால் எல்லார் கண்ணும் அவள் மேல்தான் போகும். என் பொண்ணு காலேஜ் படிக்கிறாள், தம்பி மேல் உயிர். "அவ ஒரு ரெண்டு மாசம் லீவு போட்டா என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி கைமாற்றிக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுவாள், அதற்கு மேல் அவள் படிப்பில் கை வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். நாத்தனார் வந்தார். "பெத்தவ உசிரோட இருக்கறப்பவே ஹோமுக்கு அனுப்பறதாமா" என்று முதலில் சண்டைக்கு வந்தவரே அவர்தான், வந்து நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், அப்புறம் குழம்பில் எண்ணெய் அதிகம் என்பதில் ஆரம்பித்து என்னென்னவோ ஆகி ஊருக்குப் போய்விட்டார். சொந்தம் கைகொடுக்கும், ஆனால் சொந்தத்துக்குக் கெடு வைத்துக் கூப்பிட வேண்டும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று சொல்லிவிட்டால் அவர்களும் பல்லைக் கடித்துக்கொள்வார்கள், நாமும் கடித்துக்கொள்வோம்.

கடைசியில் கைகொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. கொழுந்து பறிக்கப் போகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், பையனைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். ஆனால் பார்த்தது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே வரச் சொன்னேன். முதலில் நான் அடுப்படியில் இருக்கும்போது அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அப்புறம் நான் வாசலில் இருப்பேன். அப்புறம் ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். அப்புறம் பஸ் ஏறிக் கோத்தகிரி போய்ச் சந்தை பார்த்துவிட்டு வந்தேன். நான் போகும்போதெல்லாம் பையன் தாடையை இறுக்கிக்கொண்டு அழுவான், அக்கா "நீ போ கண்ணு, திரும்பிப் பாக்காத, நீ பாத்தா இன்னும் அழுவான்" என்று விரட்டுவார். உண்மைதான், நான் தலை மறைந்ததும் அடங்கிவிடுவானாம்.

சாப்பாடு ஊட்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம். இவனைப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் நேராக நெஞ்சுக்குப் போய்விடும், மலையில் இருக்கும் சளிக்கு அது சேர்ந்தால் நிமோனியாதான். நேராக உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் தாடை லேசாகக் கீழே இருக்கும்படி ஒரு கையால் பிடித்து, சின்ன ஸ்பூனில் பாதி அளவு. வாயில் வைத்தவுடன் ஸ்பூனை மேலே இழுத்துப் பல்லில் வழிக்கக் கூடாது, உதடு மூடும் வரை காத்திருக்க வேண்டும். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். வெறும் தண்ணீர் இருமலைக் கிளப்பும், கஞ்சி பதத்தில் இருந்தால் இறங்கும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. அக்கா தன் பிள்ளைகளுக்கு மடியில் படுக்கப்போட்டு ஊட்டிய ஆள், "இத்தனை நேரமாடி ஒரு கிண்ணம் கஞ்சிக்கு" என்று அலுத்துக்கொண்டார். ஒரு நாள் நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். புரையேறிவிட்டது. அதற்கப்புறம் அவர் அவசரப்படவே இல்லை.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள் என்று பலரும் சொல்வார்கள். எழுதினேன், ஆனால் அக்காவுக்குப் படிப்பு குறைவு, நான் நுணுக்கி எழுதியது வீட்டுக்காரருக்கே புரியவில்லை. போனில் வீடியோ எடுத்தது நல்ல யோசனையாக அமைந்தது. தூக்குவது, ஊட்டுவது, பல் தேய்ப்பது, டயப்பர் மாற்றுவது, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் தனித்தனியாக. பசி அழுகை எப்படி, வலி அழுகை எப்படி என்பதையும் எடுத்தேன். ஃபிட்ஸ் வந்ததை ஒரு தடவை பொண்ணு எடுத்து வைத்திருந்தாள், அதுதான் ரொம்ப உதவியது. எழுதி வைத்தது ஒரே ஒரு தாள், சுவரில் ஒட்டியது: எந்த மருந்து எந்த நேரம், ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக் கொடுத்த மிடாசோலாம் ஸ்ப்ரேயை மூக்கில் அடி, 108-க்குக் கூப்பிடு. ஃபிட்ஸ் வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கும் பயனில்லாத பழக்கம் இந்தக் கிராமத்தில் இன்னும் இருக்கிறது, அதனால் கைக்கு எட்டும் இரும்பையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டேன். வீடியோவை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும், குளிப்பாட்டும் வீடியோ நாலு குரூப்பில் சுற்றினால் பையன் கேட்க மாட்டான், நாம்தான் கேட்க வேண்டும்.

கூலி விஷயம். அக்கா வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. அவர் ஒரு நாள் என் வீட்டில் இருந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் அவருக்குக் கூலி போகிறது, பச்சைத் தேயிலை அதிகம் வரும் மாதங்களில் கிலோ கணக்கில் கூடுதலாகக் கிடைப்பதும் போகிறது. அதைக் கணக்குப் போட்டு, அதற்குக் குறையாமல் கொடுத்தேன். சும்மா வருகிறவரிடம் எட்டு மணிக்கு வா என்று சொல்ல முடியாது, டயப்பரைச் சரியாகக் கட்டு என்று சொல்ல முடியாது, முகம் சுளித்தாலும் கேட்க முடியாது. காசு வாங்கினால் அது வேலை, வேலை என்றால் பேசலாம். நட்பு போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை, பழைய மாதிரியே கருப்பட்டி காபிக்கு வருகிறார்.

வீட்டுக்காரர் செய்த உருப்படியான காரியம் ஒன்று. தச்சரைக் கூட்டி வந்து கட்டிலின் உயரத்தை வீல்சேர் உட்காரும் உயரத்துக்குச் சரியாக ஏற்றினார், கைப்பிடி கழற்றும் வீல்சேராக மாற்றினார். இப்போது தூக்க வேண்டியதில்லை, கைப்பிடியைக் கழற்றி, வழுவழுப்பான துணி ஒன்றை அடியில் விட்டு நகர்த்தினால் போதும். இதை ஐந்து வருடம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் என் முதுகு தப்பித்திருக்கும். சொல்லியது மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த பிசியோ தம்பி. 2021-ல் வந்த அந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் கொடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோவும், வலியையும் வேதனையையும் குறைக்கப் பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள். உட்கார்ந்து பார்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொள்ள வருகிறவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அக்காவுக்குக் காட்டியது அந்த நர்ஸ்தான். கேளுங்கள்.

ஆபரேஷன் ஆன முதல் பத்துப் பதினைந்து நாளுக்கு அக்கா மட்டும் போதாது, ராத்திரிக்கு ஆள் வேண்டும். அதற்காகச் சமவெளியில் இல்லம் தேடினோம். முதலில் பார்த்த இடம் பளபளவென்று இருந்தது, டைல்ஸ், சாமி படம், தோட்டம். ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பார்க்கிறோம் என்றோம், ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், நாங்கள் ஏழரைக்கே போய் நின்றோம். பையன் படுத்திருக்கிறான், ஒரு பெண் டம்ளரில் பால் ஊற்றுகிறார், நாங்கள் கொடுத்த தாள் கவர்கூடப் பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. எதுவும் பேசாமல் கூட்டி வந்துவிட்டோம். அதனால் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அவர் எங்கே படுக்கிறார், ஃபிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பாத்ரூமைப் பாருங்கள். அங்கே ஏற்கனவே இருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள், வெட்டியிருக்கிறதா என்று, எனக்கு அது ஒன்று போதும்.

இரண்டாவதாகப் போன இடம் பழைய கட்டடம், சுண்ணாம்பு உரிந்திருந்தது. வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆயா பையனைத் தொடும் முன் என்னிடம் கேட்டார், "பசிச்சா எப்படிம்மா அழுவான், வலிச்சா எப்படி அழுவான்?" நான் போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அங்கேதான் விட்டோம். திரும்பி வரும்போது இளைத்துத்தான் இருந்தான், ஒரு இடத்தில் தோல் சிவந்திருந்தது, ஆனால் சிவந்திருப்பதை நாங்கள் கேட்கும் முன்னாலேயே அந்த ஆயா சொல்லிவிட்டார், என்ன தடவினோம் என்றும் சொன்னார். சிவப்பு எந்த இடத்திலும் வரும், சொல்கிறார்களா என்பதுதான் கணக்கு.

கீழே விடுவதென்றால் மலைக்காரர்களுக்கு மட்டும் இருக்கும் சில சிக்கல்கள் உண்டு. இங்கே வருஷம் முழுக்க ஸ்வெட்டரில் இருக்கும் பிள்ளை மேட்டுப்பாளையம் வெயிலில் வியர்த்து வாடிவிடும், தண்ணீர் குறைந்தால் ஃபிட்ஸ் வரும் பிள்ளைகளுக்கு ஆபத்து. பருத்திச் சட்டை கொடுங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு திரவம் என்று சொல்லுங்கள். குஞ்சப்பனை வளைவுகளில் இவன் வாந்தி எடுப்பான், அதனால் இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுவோம், மருந்தை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். முக்கியமானது மருந்துக் கையிருப்பு. ஃபிட்ஸ் மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது, கம்பெனியும் மாற்றக் கூடாது என்பார் எங்கள் டாக்டர். ஐப்பசி கார்த்திகையில் ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதனால் தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வார மருந்து அங்கே, ஒரு வார மருந்து இங்கே. முடிந்தால் ஆபரேஷன் தேதியையே தை, மாசிக்கு வாங்குங்கள். சீசன் நேரமும் வேண்டாம், ஆம்புலன்ஸே டூரிஸ்ட் வண்டிக்கு நடுவில் நிற்கும்.

காகிதங்கள். யூ.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லாமல் எதுவும் நகராது, அதை முதலில் எடுங்கள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, ஊட்டியில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பணம் அப்படியே அக்காவின் கூலிக்குப் போகிறது. நிராமயா என்று நேஷனல் ட்ரஸ்டின் மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு 1 லட்சம் வரை, வயது வரம்பு கிடையாது, முன்பரிசோதனை கிடையாது, தெரபி செலவும் அதில் வரும், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க மறந்தால் போச்சு. அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று: பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் சட்டப்படி நாம் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டோம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் விண்ணப்பித்துச் சட்டபூர்வ காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த இல்லத்தில் சேர்க்கும்போது முதலில் கேட்டது அதைத்தான். நாங்கள் வைத்திருந்தோம், பொண்ணு காலேஜில் யாரோ சொல்லி முன்னாடியே எடுத்தது.

கூடலூரில் இருக்கும் என் சித்தி மகள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். நாடுகாணி தாண்டினால் கேரளா, அங்கே பஞ்சாயத்து நோய்த்தணிப்பு நர்ஸ் வீடு வீடாக வருகிறார், பஞ்சாயத்துகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பகல் முழுக்க விடலாம், பராமரிப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய். 600 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அம்மா செய்வதும் ஒரு வேலைதான் என்று ஒரு அரசாங்கம் கணக்கில் எழுதியிருக்கிறதே, அதைத்தான் நான் பார்க்கிறேன். நம் பக்கத்திலும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பகல்நேர மையம் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம்.

நாங்கள் என்றது, பழைய பகல்நேர மையத்தில் பிள்ளைகளை விட்டுக்கொண்டிருந்த மூன்று குடும்பம். ஒருத்தி இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, இன்னொருத்தி வெளியே போவது என்று முதலில் ஆரம்பித்தோம். சரிவரவில்லை, ஒருவனுக்கு ஃபிட்ஸ் வந்தால் இன்னொருவனை யார் பார்ப்பது? இப்போது மூன்று பிள்ளைகளும் ஒரே வீட்டில், இரண்டு அம்மா இருப்போம், ஒரு அம்மா கிளம்புவாள், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முறை மாறும். பெண்களுக்கு மலையிலும் பஸ் இலவசம் ஆகிவிட்டதால் கிளம்புவதற்குக் காசும் பெரிதாக ஆகாது.

கிடைத்த நேரத்தில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முறை வரும் சனிக்கிழமைகளில் முதலில் கரண்டு பில், பேங்க், மருந்துக்கடை என்றே ஓடினேன், வீட்டுக்கு வந்தால் போனதை விட அலுப்பு. இப்போது அதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். "பிள்ளைய விட்டுட்டு ஊர் சுத்தறா" என்று ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் காதுபடவே சொன்னாள். அவள் வீட்டிலும் மாமனார் படுக்கையில்தான் இருக்கிறார், அடுத்த மாதமே ஏஜென்சி நம்பர் கேட்டு வந்தாள். குளிர்காலம், கீழே இருந்து வரும் ஆள் தாங்காது என்று சொல்லி, அக்காவிடம் பேசச் சொன்னேன்.

ஆனால் அக்காவே இப்போது கிளம்புகிறார், மகளுக்குத் தையில் பிரசவம், திருப்பூர் போனால் மூணு மாசமாவது ஆகும். அவர் தெருவிலேயே இன்னொரு பெண் வருகிறேன் என்கிறாள், சின்ன வயது, கை சுத்தம், ஃபிட்ஸ் என்றால் மட்டும் பயம். அதனால் வீடியோவை முதலில் காட்டினேன், இரண்டாவது தடவை கண்ணை மூடாமல் பார்த்தாள். அக்கா போகும் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஊட்டட்டும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.